எல்லோருக்கும் ஒரே ஊர்

"பனிமலை வேணும்னு கேட்டேன், ஏரியைக் காட்டுது. கடற்கரைன்னு கேட்டேன், அதே ஏரி. விடிய விடிய ஆட்டம் பாட்டமா இருக்கற ஊர் வேணும்னு கேட்டேன்."

"அதுக்கும் ஏரியா?" என்றேன்.

"அதே ஏரி. அதே நாற்காலி," என்று செல்போனை எங்கள் பக்கம் தள்ளினார் அவர்.

படத்தில் ஒரு ஏரி. கரையில் ஒரு பிரம்பு நாற்காலி, காலியாக. பின்னால் ஓடு வேய்ந்த சின்ன விடுதி. அவ்வளவுதான். படகு கிடையாது, அருவி கிடையாது, பக்கத்தில் நின்று படம் எடுத்துப் பீற்றிக்கொள்ள ஒரு மண்ணும் கிடையாது.

இந்த ‘அவர்’ யாரென்று சொல்லிவிடுகிறேன். சுற்றுலா போக ஆசைப்பட்டு, எந்த ஊருக்கென்று தெரியாமல் முழிப்பவர்களுக்காக ஒரு செல்போன் செயலி தயாரிக்கும் நிறுவனத்தின் முதலாளி. முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. விசிட்டிங் கார்டில் ‘தலைமைப் பயணி’ என்று போட்டிருந்தது. வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ‘சகபயணிகள்’. வாசலில் இருக்கும் காவலாளிகூடச் சகபயணிதானாம். பாவம், அந்த மனிதர் ஸ்டூலை விட்டு அசைந்தே பல வருடம் ஆகியிருக்கும் போலிருந்தது.

செயலி செய்கிற வேலை இது: முதலில் சில கேள்விகள் கேட்கும். அப்புறம் ஊர்களின் படங்களை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்க்கச் சொல்லும். கடைசியில் ‘நீங்கள் போக வேண்டிய ஊர் இதுதான்’ என்று ஒரே ஓர் ஊரைக் காட்டி, டிக்கெட்டும் அறையும் அங்கேயே பதிவு செய்துவிடும். மறுநாள் காலை முதலீட்டாளர்கள் முன்னால் அரங்கேற்றம். அந்த நேரம் பார்த்து, யார் வந்து எதைக் கேட்டாலும் அது ஏரிக்கரை நாற்காலியையே நீட்டிக்கொண்டிருந்தது.

"யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரியும். நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்தாப் போதும்," என்றார் தலைமைப் பயணி.

விடையை வைத்துக்கொண்டு துப்பறியக் கூப்பிடுகிற வாடிக்கையாளர்கள் எங்களுக்குப் புதிதில்லை. துப்பறிவது என் அண்ணி. நான் கொழுந்தன், உதவியாளன், வண்டி ஓட்டி. என் வாய் காரணமாகப் பல வேலைகள் போய், அண்ணன் "இவனை நீயே கூட வெச்சுக்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டதால் அண்ணி என்னைச் சுமந்துகொண்டு அலைகிறார். இந்தத் தொழிலுக்கு வருமுன் அண்ணி ஒரு பெரிய துணிக்கடையில், வாங்கியதைத் திருப்பித் தர வருபவர்களைச் சமாளிக்கிற மேசையில் இருந்தார். விருந்துக்குப் போட்டு ஆடிவிட்டு "பிரிக்கவே இல்லைங்க" என்று சத்தியம் செய்பவர்களை அங்கே தினமும் பார்த்திருக்கிறார். வாய் எவ்வளவு அழகாகப் பொய் சொன்னாலும் கட்டைவிரல் கிழிசலைப் போய் மூடிக்கொள்ளுமாம். அண்ணியின் துப்பறியும் சாஸ்திரம் மொத்தமும் இதுதான். முகத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். கையைத்தான் பார்ப்பார்.

"சரி, யாரு?" என்றார் அண்ணி.

செயலியை வடிவமைத்த டிசைனர் பெண்தான் என்றார் அவர். ஆதாரம் கேட்டபோது, நாங்கள் அசந்துபோவோம் என்ற நம்பிக்கையோடு கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொன்னார். அந்த ஏரிக்கரை விடுதி அவளுடைய தாய்மாமனுடையது.

உண்மையில் நான் அசந்துதான் போனேன். ஊரையெல்லாம் தன் மாமன் விடுதிக்குத் திருப்பிவிட ஒரு செயலி. இதைவிடக் கையும் களவுமாக ஒருத்தியைப் பிடிக்க முடியாது. தலைமைப் பயணி ஒரு காகிதத்தையும் எடுத்து வைத்தார். ‘நானே வேண்டுமென்று செய்தேன்’ என்று தட்டச்சு செய்திருந்தது. அவள் கையெழுத்து போட வேண்டும், சாட்சியாக அண்ணி போட வேண்டும். போடாவிட்டால் சாயங்காலம் போலீசில் புகார். போட்டால் சத்தமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எப்படியானாலும் இந்தத் துறையில் இனி யாரும் அவளை வாசலில்கூட ஏற்ற மாட்டார்கள்.

"அவளும் என் குடும்பத்துல ஒருத்திதான். அதான் மனசு கேக்கலை," என்றார்.

குடும்பத்தில் ஒருத்தியை எங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று அண்ணி கேட்டார். ‘சூரியோதயம்’ என்றார். அந்த அலுவலகத்தில் ஜன்னலே இல்லாத அறைக்கு வைத்த பெயர் அது.

போகும் வழியெங்கும் சுவர் நிறைய மலைகளும் அலைகளும் ஒட்டகங்களும். நடுவில் தங்க நிறத்தில் ஒரு வாசகம்: ‘இங்கே விடுப்புக்கு அளவே இல்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம்.’ அதன் கீழே ஓர் அழகான சூட்கேஸ் அலங்காரமாக நின்றது. கைப்பிடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் யாரும் கழற்றவில்லை. அண்ணி அதை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு நடந்தார்.

டிசைனர் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். அழுது முடித்து, முகம் கழுவி, அடுத்து அழ வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று கைக்குட்டையை மடித்து வைத்திருந்தாள். மாமன் விஷயத்தை அவள் மறுக்கவே இல்லை. செயலி வரைந்த புதிதில் மாதிரிக்கு ஒரு படமும் ஒரு போன் நம்பரும் தேவைப்பட்டதாம். தன் போனில் கிடந்த மாமா விடுதியின் படத்தைப் போட்டாள். பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். வேலை குவிந்ததில் மறந்தே போனாள்.

"மறந்ததுக்கு என்னைத் திட்டலாம்," என்றாள். "ஆனா நான் எதையும் திருப்பி விடலை. எங்க அப்பாவை எந்த ஊருக்குப் போலாம்னு கேட்டா, உங்க இஷ்டம்பாரு. அம்மாவும் உங்க இஷ்டம்பாங்க. அப்படியே சொல்லிச் சொல்லி ரெண்டு பேரும் எங்கயும் போனதில்லை. அவங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் இதைச் செஞ்சேன். இதை நானே கெடுப்பேனா?"

மடித்து வைத்த கைக்குட்டையைப் பிரித்தாள். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை மிதித்தார்.

வாயால் சொல்ல மாட்டாதவர்களுடைய மனதைச் செயலி எப்படிக் கண்டுபிடிக்கும் என்று அண்ணி கேட்டார். அந்தக் கேள்வியில் அந்தப் பெண் கொஞ்சம் நிமிர்ந்தாள். கேள்விக்கு மனிதர்கள் சொல்லும் பதிலைச் செயலி காதில் வாங்கிக்கொள்ளும், ஆனால் முழுசாக நம்பாதாம். படங்களைத் தள்ளிக்கொண்டே வரும்போது விரல் எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிக்குமாம். அதைத்தான் நம்புமாம். பல பேருடைய விரல்களைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களுக்கு என்ன பிடிக்கும் என்று அதுவாகவே கற்றுக்கொள்ளும்.

அண்ணி என்னைப் பார்த்தார். துணிக்கடை மேசையில் கற்றதை ஒரு பெண் செல்போனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாளே என்ற சந்தோஷம் அந்தப் பார்வையில் தெரிந்தது.

அடுத்து, செயலிக்கு நிரல் எழுதிய தாடிக்காரரைப் பிடித்தோம். அந்தத் தாடி வைத்ததில்லை, வளர்ந்தது. கணினியைவிட்டு எழுந்து போய் மழிக்க நேரமில்லாதவனின் தாடி. நிரலை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டேன், யாரும் கை வைக்கவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். முதலாளியிடம் சொன்னீர்களா என்று கேட்டோம். சொன்னாராம். ‘யாரும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி செஞ்சிருக்கா பாருங்க, எவ்வளவு கெட்டிக்காரி’ என்று முதலாளி பதில் சொன்னாராம்.

"இல்லாத தடயமே ஆதாரமா? நல்லாருக்கே," என்றேன். "அப்போ அண்ணி, உங்க கைப்பையைத் திருடினதுகூட அவதான். பாருங்க, அது பத்திரமா இருக்கு."

அண்ணி சிரிக்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போய், ஏரிக்கரை விடுதி நம்பரை அடிக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன். ரொம்ப நேரம் மணி அடித்த பிறகு ஒரு பெரியவர் எடுத்தார். அண்ணி குரலில் தேனைத் தடவிக்கொண்டு, ஓர் அறை வேண்டும் என்று ஆரம்பித்தார்.

"சிக்னல் இருக்கான்னுதானே கேக்கப் போறீங்க?" என்றார் மாமா. "இல்லம்மா. செல்போன் இங்க சுத்தமா எடுக்காது. இந்த லேண்ட்லைன் ஒண்ணுதான், அதுவும் நான் இருந்தாத்தான் எடுப்பேன். சரிதானே, வெச்சிரட்டுமா?"

அண்ணியின் தேன் அப்படியே காய்ந்துபோனது. எதற்காக அதைக் கேட்பேன் என்று நினைத்தீர்கள் என்று நிஜக் குரலிலேயே விசாரித்தார்.

மாமா கொட்டித் தீர்த்துவிட்டார். கொஞ்ச நாளாகவே யார் யாரோ கூப்பிடுகிறார்களாம். ஆணும் பெண்ணுமாகப் பல குரல்கள். வெந்நீர் வருமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை, சாப்பாடு உண்டா என்று கேட்பதில்லை, வாடகையைக்கூடக் கேட்பதில்லை. போன் எடுக்குமா என்று மட்டும் கேட்கிறார்கள். எடுக்காது என்றால் வருத்தப்படுவார்கள் என்று பார்த்தால், அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். வருகிறேன் என்றும் சொல்வதில்லை. "நம்ம ஏரிக்கு ஏதாச்சும் ஆகிப்போச்சாம்மா?" என்று கவலையோடு கேட்டார்.

ஒன்றும் ஆகவில்லை என்று ஆறுதல் சொன்ன அண்ணி, இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிடுவதாகவும் போன் பக்கத்திலேயே இருக்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, இந்த நம்பர் எங்கெல்லாம் இருக்கு?"

"செயலியில இருக்கு."

"செயலி எப்ப வெளிய வருது?"

"நாளைக்கு," என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. விடுதிக்கு விளம்பரம் கிடையாது, பெயர்ப்பலகைகூடக் கிடையாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். செயலியும் இன்னும் ஊர் மக்கள் கைக்குப் போகவில்லை. அப்படியென்றால் அந்தக் குரல்கள் எல்லாம் இந்தக் கட்டடத்துக்குள்ளேதான் எங்கேயோ தட்டச்சு செய்துகொண்டிருந்தன.

அண்ணி எல்லோரையும் பெரிய கூடத்துக்கு வரவழைத்தார். டிசைனர் பெண்ணும் வந்து ஓரமாக நின்றாள். கையில் பேனாவும் அந்தக் காகிதமுமாகத் தலைமைப் பயணி முன்வரிசையில் நின்றார். கண்டுபிடித்துவிட்டார்கள், இப்போது ஊர் முன்னால் மாட்டப் போகிறாள் என்ற திருப்தி அவர் முகத்தில் பளபளத்தது.

ஒரு சின்னப் பரிசோதனை என்றார் அண்ணி. ஒவ்வொருத்தரும் முன்னால் வந்து, போக ஆசைப்படும் இடத்தை வாயால் சொல்ல வேண்டும். பிறகு செயலியில் படங்களைத் தள்ளிக் காட்ட வேண்டும். முதலில் ஆள் சேர்க்கும் பிரிவின் அம்மாள் வந்தார். காடு, சாகசம், புலி என்றார். புலியைத் தள்ளினார், அருவியைத் தள்ளினார். நாற்காலி வந்தது. விரல் நின்றுவிட்டது. ஒரு பெருமூச்சும் வந்தது. அப்புறம் யாரோ பார்க்கிறார்கள் என்ற ஞாபகம் வந்து அவசரமாகத் தள்ளினார். விளம்பரப் பிரிவுக்காரர் பெரிய நகரம், கடைவீதி, வெளிச்சம் என்று பட்டியல் போட்டார். நாற்காலி வந்ததும் பேச்சை மறந்தார். தாடிக்காரர் வீட்டுக்குப் போனால் போதும் என்றார். அவர் விரல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே விட்டது, நான்தான் எடுத்துவிட வேண்டியிருந்தது.

கூடத்தில் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். தான் மட்டும்தான் என்று ஒவ்வொருத்தரும் நினைத்திருக்கிறார்கள். பக்கத்து மேசைக்காரரும் அதே நாற்காலியைத்தான் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போதுதான் தெரிந்தது.

"நீங்களும் வாங்க," என்றார் அண்ணி தலைமைப் பயணியிடம்.

அவர் உலகத்தின் உயரமான சிகரம் என்று சொல்லிவிட்டு, வேகமாகப் படங்களைத் தள்ளினார். எங்கும் நிற்கவில்லை. நாற்காலி வந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. "பாத்தீங்களா?" என்று சுற்றிலும் பார்த்தார்.

அண்ணி செயலியின் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். வாயை நம்பாதே, விரலை நம்பு என்று இந்தப் பெண் அதற்குச் சொல்லிக்கொடுத்தாள். அது கற்றுக்கொள்ள வெளியாட்களிடம் கொடுங்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். ரகசியம் போய்விடும், நம் குடும்பத்து ஆட்களே பார்க்கட்டும் என்று முதலாளி மறுத்துவிட்டார். ஆகவே அதற்குத் தெரிந்த மனித குலம் மொத்தமும் இந்தக் கூடத்தில் நிற்பவர்கள்தான். அளவில்லாத விடுப்பு என்று சுவரில் எழுதிப் போட்டு, அதைக் கேட்கிற தைரியம் ஒருத்தருக்கும் வராதபடி பார்த்துக்கொண்ட ஓர் அலுவலகம். இவர்களுடைய விரல்களைப் பார்த்துப் பார்த்து அது ஒரே பாடத்தைக் கற்றுக்கொண்டது: மனிதர்களுக்குக் கடலும் வேண்டாம் மலையும் வேண்டாம், யாரும் கூப்பிட முடியாத இடத்தில் ஒரு நாற்காலி போதும்.

"செயலி கெடலைங்க," என்றார் அண்ணி. "நீங்க கேட்டதை அப்படியே செஞ்சிருக்கு."

தலைமைப் பயணி விடவில்லை. அந்த நேரத்திலும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. இதெல்லாம் கதை, விடுதி இவள் மாமனுடையதுதானே, மாமனும் இவளும் சேர்ந்து போட்ட திட்டமாகவும் இருக்கலாமே என்றார். அப்படியானால் மாமனையே கேட்டுவிடுவோம் என்று அண்ணி எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் நம்பரை அடித்து ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் நீட்டினேன்.

மாமா உடனே எடுத்தார். தலைமைப் பயணி தொண்டையைச் செருமிக்கொண்டு, அதிகாரமாக, "ஹலோ, உங்க விடுதியைப் பத்தி ஒரு விவரம் தெரியணும்," என்றார்.

"அட, நீங்களா," என்றார் மாமா சந்தோஷமாக. "என்ன இன்னைக்கு இவ்வளவு சத்தமா பேசறீங்க? எப்பவும் பாத்ரூமுக்குள்ள இருந்து பேசற மாதிரி கிசுகிசுன்னுதானே பேசுவீங்க."

கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நீங்க வேற யாரையோ..." என்று ஆரம்பித்தார் தலைமைப் பயணி.

"உங்க குரலை மறப்பேனா? மத்தவங்கல்லாம் ஒரு தடவை கேட்டுட்டு விட்டுருவாங்க. நீங்கதான் வாரா வாரம் கூப்பிட்டு, டவர் கிவர் ஏதாச்சும் வந்துருச்சான்னு கேக்கற ஆளு. நான்கூட அன்னைக்குக் கேட்டேனே, இவ்வளவு ஆசையா இருக்கீங்க, ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன்னு. என்ன சொன்னீங்க? எங்க ஆபீஸ்ல லீவு தர மாட்டாங்கன்னு சொன்னீங்க."

தலைமைப் பயணியின் முகத்தில் ஈயாடவில்லை. பேனா கையிலிருந்து நழுவி உருண்டு, தாடிக்காரர் காலடியில் போய் நின்றது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

எப்படித் தெரியும் என்று நான் அண்ணியின் காதில் கேட்டேன். மற்றவர்கள் நாற்காலி வந்ததும் நின்றார்கள், இவர் அது வருவதற்கு முன்னாலேயே கட்டைவிரலால் மூடித் தள்ளினார் என்றார் அண்ணி. எத்தனாவது படத்துக்கு அடுத்து அது வரும் என்று தூக்கத்திலும் தெரிந்தவர்தான் அப்படிச் செய்ய முடியும்.

அவர் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். திடீரென்று ரொம்பக் களைத்த மனிதராகத் தெரிந்தார். முதலீட்டாளர்கள் குளிக்கும்போதும் கூப்பிடுகிறார்கள், எடுக்காவிட்டால் குடும்பத்தில் ஒருத்தர் இப்படிச் செய்யலாமா என்று கேட்கிறார்கள் என்று முனகினார். எனக்குக்கூட ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. அப்புறம் அந்தக் காகிதம் கண்ணில் பட்டது. பாவம் போய்விட்டது.

டிசைனர் பெண் முன்னால் வந்து, அவர் மடியிலிருந்த அந்தக் காகிதத்தை எடுத்தாள். நாலாகக் கிழித்தாள். கிழித்ததைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, நடுங்காத குரலில் கேட்டாள்.

"எனக்கு லீவு வேணும். நாளையிலிருந்து."

நாளைக்கு அரங்கேற்றம் என்று அவர் சொல்ல வாயெடுத்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குள் இருந்த நல்ல மனிதர் கஷ்டப்பட்டு எழுந்து வருவது எங்களுக்குத் தெரிந்தது. அவள் மேல் சந்தேகப்பட்டது தப்பு என்று எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். விடுப்பு உன் உரிமை என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது.

"தாராளமா போயிட்டு வாம்மா. எத்தனை நாள் வேணும்னாலும் இரு," என்றார். "ஆனா போனை மட்டும் ஆன்லயே வெச்சுக்கோ."

முதலில் தாடிக்காரர்தான் சிரித்தார். பிறகு புலி கேட்ட அம்மாள். அப்புறம் யார் யாரென்று சொல்ல முடியவில்லை, கூடமே சிரித்தது. தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. விளங்கியதும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அந்தப் பெண் அலுவலகம் கொடுத்த போனை அணைத்து அவர் முன்னால் வைத்தாள். போகும்போது சுவரோரம் நின்ற அலங்காரச் சூட்கேஸையும் இழுத்துக்கொண்டு போனாள். சக்கரச் சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்டது.

"பாப்பா குரல் மாதிரி இருந்துச்சே, அங்கயா இருக்கா? வர்றாளா?" என்றார் மாமா, என் கையிலிருந்த போனில். வருகிறாள் என்று சொன்னேன். கூட யாராவது வருகிறார்களா என்று கேட்டார். எல்லோருக்கும் ஆசைதான், முதலாளிக்கும்தான் என்றேன்.

மாமா கொஞ்சம் யோசித்தார்.

"அவரும் வந்தா, அப்புறம் மத்தவங்க எதுக்கு வரணும்?" என்றார்.

இப்போது மேசை மேல் தலைமைப் பயணியின் போன் அடித்தது. முதலீட்டாளர். அவர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், எடுக்கவில்லை. நாங்கள் படியிறங்கித் தெருவுக்கு வரும்வரைக்கும் அது அடித்துக்கொண்டே இருந்தது.